பயறு முளைத்த காலிமனை

முளைச்சிருச்சு. அட நாசமாப் போக, முளைச்சிருச்சே. எங்க முளைக்கக் கூடாதோ அங்க மட்டும், நூல் பிடிச்சாப்புல, ஹாலைச் சுத்தி ஒரு பச்சைக் கோடு, சமையக்கட்டைச் சுத்தி ஒரு பச்சைக் கோடு, உள்ரூமுக்கும் ஹாலுக்கும் நடுவுல ஒண்ணு. மத்த இடமெல்லாம் கரிசல் மண்ணு மொட்டையாக் கெடக்கு. ராஜகனி மனை பூராவும்தான் தட்டாம்பயறை வீசினா, நான் பக்கத்துல நின்னு பாத்தேன், பொண்டாட்டி கை தாராளம்னு மனசுக்குள்ள சிரிச்சுக்கூட வச்சேன். கெட்டித் தரையில விழுந்ததை மைனா பொறக்கித் தின்னுட்டுப் போயிருச்சு. தோண்டி மூடின இடத்துல மண்ணு பொலபொலன்னு இருக்கில்ல, மழைத் தண்ணியக் குடிச்சிட்டு அங்க விழுந்த பயறு ஒண்ணு பாக்கியில்லாம எந்திரிச்சு நிக்குது. அடியில இருக்கிற அஸ்திவாரத்தை மறைக்கத்தான் விதை போட்டோம். அது அஸ்திவாரத்தை அப்படியே வரைஞ்சு காட்டுது. பிளான் போட்டுக் குடுத்தவரு பேப்பர்ல போட்ட கோடுகூட இவ்வளவு சுத்தமா இல்லை. போயும் போயும் இன்னைக்கா? இன்ஜினியர் அம்மா மனையைப் பாக்க வர்ற அன்னைக்கா? வண்டிச் சத்தம் கேக்குது. இல்லை, அது தண்ணி லாரி. "மழை பெஞ்சா முளைக்கும்னு தெரியாதா உனக்கு"ங்கறேன். "முளைக்கட்டும்னுதானே போட்டோம்"ங்கறா. அதுவும் சரிதான். அவகிட்ட எப்பவும் இப்படி ஒரு சரி இருக்கும், அதை வச்சுக்கிட்டு நான் என்ன செய்யிறது.

ஏ தவசிலிங்கம், நீ கோர்ட்டு அமீனாடா. சட்டம் தெரியாதுன்னு நீ சொல்ல முடியுமா? கோர்ட்டு தீர்ப்பை எழுதிட்டு அடுத்த கேஸுக்குப் போயிரும், அந்தத் தீர்ப்பைக் கையில வச்சுக்கிட்டு வீட்டு வாசல்ல போயி நிக்கிறவன் நீ. சாமானையெல்லாம் வெளிய எடுத்து வைங்கன்னு சொல்றவன் நீ, பூட்டைப் போட்டுச் சாவியை ஜெயிச்சவன் கையில குடுக்கறவன் நீ. பொய்யா எழுதிக் குடுத்துட்டு மாட்டிக்கிட்டவனுக்கு நோட்டீஸ் கொண்டு போனவனும் நீதான். அப்பேர்ப்பட்ட நீ, கவர்மெண்டுல வீடு கட்ட முன்பணம் குடுக்கான்னதும், 'மனை காலியாக இருக்கிறது, எந்தக் கட்டுமான வேலையும் தொடங்கப்படவில்லை'ன்னு முத்து முத்தாக் கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்கே. உத்தரவு கைக்கு வர்றதுக்கு முந்தி மண்வெட்டியே படக்கூடாதுங்கான். ஆபீஸ்ல கிளார்க்கு சதாசிவம் தலைபாடா அடிச்சுக்கிட்டாரு, "அமீனா, வேற எதுல வேணும்னாலும் விளையாடு, இதுல மட்டும் விளையாடாத, அந்த ஒரு வரியிலதான் எல்லாரும் சிக்குவாங்க"ன்னு. சரி சரின்னு தலையாட்டினேன். நான் தலையாட்டுன அன்னைக்கு அஸ்திவாரத்துக்குக் கருங்கல்லு இறங்கி முடிஞ்சிருந்துச்சு. இப்ப அந்தம்மா பாத்துட்டா முன்பணம் போச்சு. அது போனாக்கூடப் பரவாயில்லை, பொய் சொன்ன அரசு ஊழியன்னு மெமோ வரும், விசாரணை வரும், ரிட்டையராகப் போற நேரத்துல பென்சன்ல கை வைப்பான். சாமி, வேலைக்கே உலை வச்சிட்டேனே. கோர்ட்டு வராண்டாவுல எல்லாரும் என்னைப் பாத்துப் பேச்சை நிப்பாட்டுவாங்க. வக்கீல் குமாஸ்தாக்கள் வாய் சும்மா இருக்குமா, ஊரை வெளியேத்துன அமீனாவைக் கவர்மெண்டு வெளியேத்திருச்சுன்னு டீக்கடையில வச்சு நாறடிச்சிருவாங்க.

எல்லாம் அய்யாவால வந்தது. பெத்த தகப்பனைச் சொல்லக்கூடாது, ஆனா அவராலதான். பெரியாஸ்பத்திரியில மூச்சுக்குழாயை வச்சுப் படுக்கப்போட்டு, டாக்டர் என்னைத் தனியாக் கூப்பிட்டு, சொந்தபந்தத்துக்குச் சொல்லி அனுப்பிருங்கன்னாரு. நான் அழலை. அழுகை வர்றதுக்கு முந்தி ஒரு கணக்கு வந்துச்சு, அதை நினைச்சா இப்பவும் கூசுது. அய்யா போயிட்டா ஒரு வருஷத்துக்கு நல்ல காரியம் தொடங்கக்கூடாது. தொடங்கினதைத் தொடரலாம், புதுசா ஆரம்பிக்கக்கூடாது. ஒரு வருஷம் கழிச்சுத் தொடங்குறதுன்னா எனக்குப் பாக்கி இருக்கிற சர்வீஸைப் பாத்துட்டு முன்பணமே கிடையாதும்பான். கவர்மெண்டு காலண்டர் ஒண்ணு, எங்க காலண்டர் ஒண்ணு. நடுவுல கார்த்திகையில ஒரு வாஸ்து நாள், அதை விட்டா மார்கழி வந்துரும், மார்கழியில யாரு மனை போடுவா. ராஜகனி ஆஸ்பத்திரி மாடிப்படியில உக்காந்துக்கிட்டு, "பூஜையை மட்டும் போட்டு ஒரு கல்லை வச்சிருவோம், யாருக்குத் தெரியப் போகுது"ன்னா. ஒரு கல்லுதான். ஆனா சூசைக் கொத்தனார் வந்து தோண்டின குழியை அப்படியே போட்டா கரிசல் மழையில சரிஞ்சிரும்னாரு, சரின்னு நாலு கல்லு, நாலு கல்லு நாற்பது ஆச்சு, தரைமட்டத்துக்கு ஒரு முழம் கீழ வரைக்கும் கட்டி முடிச்சுட்டுத்தான் மூச்சு விட்டோம். அன்னைக்குச் சாயங்காலம் ஆஸ்பத்திரிக்கு ஓடுறேன், கையில கடைசிக் காரியத்துக்குன்னு எண்ணெய்க்கும் வேட்டிக்கும் பணத்தை வச்சுக்கிட்டு. அய்யா கட்டில்ல எந்திரிச்சு உக்காந்துக்கிட்டு, "எலே, புரோட்டாவும் சால்னாவும் வாங்கிட்டு வா"ங்காரு. சந்தோசந்தான். சத்தியமாச் சந்தோசந்தான். ஆனா அந்தச் சந்தோசத்துக்குள்ள ஒரு முள்ளு குத்துச்சு பாருங்க, அந்த முள்ளைத்தான் இப்பப் பச்சைப் பசேல்னு பாத்துக்கிட்டு நிக்கேன். நேத்து அவருகிட்டச் சொன்னேன், இன்ஜினியர் வாராக அய்யா, மனசு பதறுதுன்னு. "ஏன் பதறணும், சுவரெல்லாம் நேரா இருக்கில்ல"ன்னாரு. அவருக்கு நாங்க மண்ணைப் போட்டு மூடினதே தெரியாது. வீடு வளர்ந்துக்கிட்டு இருக்குன்னு நினைச்சுக்கிட்டுத்தான் உசுரைப் பிடிச்சுக்கிட்டு இருக்காரு.

பிடுங்கிப் போட்டுருவோமா? குனிஞ்சு ஒரு கை பிடுங்குறேன். வேரோட கருப்பு மண்ணு வருது, பச்சைக் கோட்டுக்குப் பதிலா ஈரக் கோடு, இன்னும் தெளிவாத் தெரியுது. "கிறுக்கா பிடிச்சிருக்கு, விடுங்க"ன்னு ராஜகனி கையைத் தட்டி விடுறா. பிடுங்கினதை எங்க வைக்கிறதுன்னு தெரியாமச் சட்டைப் பையில போட்டேன். சட்டைப் பையில பயறு நாத்தை வச்சுக்கிட்டு நிக்கிற அமீனா, நல்லாயிருக்கு. நெஞ்சுல ஈரம் படுது. அந்தப் பொம்பளை சொன்னது பலிக்குதோ? இல்லை, அதை இப்ப நினைக்காத. நினைக்காதன்னா மனசு கேக்குதா, நாக்கு சொத்தைப் பல்லுக்கே போற மாதிரி அங்கேயேதான் போகுது. கடைத்தெருவுக்குப் பின்னால ஓட்டு வீடு, புருசன் ஜாமீன் போட்டு ஏமாந்துட்டான், வீடு ஏலத்துல போச்சு. சாமானெல்லாம் வெளிய வந்துருச்சு, கட்டில், தண்ணி பிடிக்கிற குத்துப்போணி, பிள்ளைக பைக்கட்டு. அவ மட்டும் அடுப்படியில நின்னுக்கிட்டு வரமாட்டேங்கா. அடுப்புல உலை கொதிக்குது. "இந்தச் சோத்தை மட்டும் வடிச்சுட்டு வாரேன்யா"ன்னா. போலீஸ்காரரு கடிகாரத்தைப் பாக்காரு. நான் வடிக்கட்டும்னு சொல்லியிருக்கலாம். சொல்லலை. பானையை நானே துணியைப் பிடிச்சு இறக்கி வாசல்ல கொண்டாந்து வச்சேன். அவ கத்தலை, மண்ணை வாரித் தூத்தலை. என் மூஞ்சியைப் பாத்து, "நீ வாடகை வீட்டுலதானே இருக்கே? நீயும் கட்டுவே. கட்டி உள்ள போக மாட்டே"ன்னு, சாதாரணமாப் பேசுற குரல்லயே சொல்லிட்டுப் பானையைத் தூக்கிட்டுப் போயிட்டா. இதை நான் ராஜகனிகிட்டச் சொன்னதே இல்லை. வருசம் எத்தனையோ ஓடிப் போச்சு. ஆனா பூஜை அன்னைக்கு ஈசானி மூலையில முதல் கல்லை வச்சுட்டுக் குனிஞ்சது குனிஞ்சபடியே இருந்தேனே, எல்லாரும் சாமி கும்பிடுறேன்னு நினைச்சாங்க. எனக்குக் காதுல உலை கொதிக்கிற சத்தம் கேட்டுச்சு.

உள்ள போகாம இருந்தமா என்ன? மண்ணைப் போட்டு மூடுறதுக்கு முந்தி, சாயங்காலம் சாயங்காலம் வந்து உக்காருவோமே. கல்லுக்கட்டு மேல உக்காந்து முறுக்கு தின்போம். ஒருநா நான் சைக்கிளை விட்டுட்டு, குறுக்குவாக்குல ஒரே தாண்டாத் தாண்டி அவகிட்டப் போனேன். "ஏங்க, சுவத்துக்குள்ள பூந்து வாரீக? வாசல் அங்க இருக்கு"ன்னா. சிரிச்சுக்கிட்டேதான் சொன்னா, ஆனா திருப்பி அனுப்பிட்டா. நானும் போயி, கிழக்க நிலை வைக்கப் போற இடம் வழியா, தலையைக் குனிஞ்சு, நிலைவாசல் குட்டையா வச்சிருவாங்களோன்னு ஒரு நினைப்போட குனிஞ்சு, உள்ள வந்தேன். "வாங்க"ன்னா. அதுல இருந்து ரெண்டு பேரும் அப்படித்தான். அவ சமையக்கட்டுல இருந்து ஹாலுக்கு வர்றதுன்னா சுத்திக்கிட்டுத்தான் வருவா. கட்டில் உள்ரூம்ல தெக்க தலை வச்சு. அய்யாவுக்கு ஹால்ல சன்னல் ஓரம், அவரு இருமினா சமையக்கட்டுக்குக் கேக்கும். மண்ணைப் போட்டு மூடினப்புறமும் என் புத்தியில ஒரு செங்கல்லும் குறையலை. கூரைகூட வந்துருச்சு. ஒரு நாளு மழை தூறும்போது இங்க நின்னுக்கிட்டு நனையுறோம்னே எனக்குத் தோணலை, தலையைத் தொட்டுப் பாத்தப்புறந்தான் தெரிஞ்சுது. இதையெல்லாம் யாருகிட்டச் சொல்றது, கோர்ட்டுல சொன்னா மனநிலை சரியில்லைன்னு எழுதிக்குவாங்க. வண்டி. இது லாரி இல்லை. ஸ்கூட்டி. வந்துட்டாக. ராஜகனி முந்தானையை இழுத்துச் சொருகிக்கிட்டா.

சின்ன வயசுதான் அந்த இன்ஜினியர் அம்மாவுக்கு. பேரு எழில்நங்கைன்னு சதாசிவம் சொன்னாரு, ரொம்பக் கறார்னும் சொன்னாரு. ஹெல்மெட்டைக் கழட்டி வண்டிக் கண்ணாடியில மாட்டிட்டு, பிளானை விரிச்சு, மனையைப் பாத்தாக. பிளானைப் பாத்தாக. மறுபடி மனையைப் பாத்தாக. "என்ன பயிருங்கய்யா இது?" "தட்டாம்பயறு மேடம். சும்மா கெடக்கேன்னு வீசி விட்டோம்." என் குரல் எனக்கே வேற யாரோ பேசுற மாதிரி இருந்துச்சு. "வரிசை கட்டி முளைச்சிருக்கே?" எனக்கு முந்தி ராஜகனிதான், "பாத்தி கட்டி விட்டது மேடம், தண்ணி பாய்ச்சத் தோதா"ன்னா, கண்ணு இமைக்காம. அடிப் பாவி, உனக்கு இவ்வளவு தைரியமா. அந்தம்மா ஊம்னாக. டேப்பை எடுத்துக் குடுத்து நாலு எல்லையையும் அளக்கச் சொன்னாக, நான் நுனியைப் பிடிச்சுக்கிட்டு ஓரமாவே ஓடினேன், எல்லைக்கல்லு சரியா இருக்கு, அளவு சரியா இருக்கு. எழுதிக்கிட்டாக. எழுதுற கையைப் பாத்துக்கிட்டே நிக்கேன். 'காலி'ன்னு எழுதுறாகளா? தலைகீழாத் தெரியுது, படிக்க முடியலை. ஆனா பேனா நிக்காம ஓடுது, தப்பிச்சிட்டோம், தவசிலிங்கம், தப்பிச்சிட்டோம்டா, அய்யாவுக்கு இன்னைக்குக் கோழி அடிச்சுப் போட்டுருவோம், அந்தப் பொம்பளை எங்க இருந்தாலும் நல்லா இருக்கட்டும்னு என்னென்னமோ ஓடுது உள்ளுக்குள்ள. நான் மேற்கு ஓரத்துல, சமையக்கட்டுக்கு வெளிப்பக்கம் நிக்கேன். அவுக ஹாலுக்கு நடுவுல நிக்காக. போனை எடுத்தாக. "மனை உரிமையாளரை மனைக்கு நடுவுல நிப்பாட்டி ஒரு போட்டோ எடுக்கணும்யா. இங்க வாங்க."

சரிங்க மேடம்னு கிளம்பினேன். எதுத்தாப்புலதான் இருக்காக, நாலு எட்டு வச்சாப் போயிரலாம். நான் எப்படிப் போனேன்? சமையக்கட்டு ஓரமாவே வடக்க நடந்தேன், மூலையில திரும்பினேன், கிழக்க போனேன், மறுபடி திரும்பி, நாங்க நடந்து நடந்து இறுகிப் பயறு முளைக்காத அந்தச் சின்ன இடைவெளி, நிலை வைக்கப் போற இடம், அங்க நின்னு செருப்பைக் கழட்டினேன். தலையைக் குனிஞ்சேன். ஒரு காலை உள்ள வச்சப்பத்தான் எனக்கே உறைச்சுது. வச்ச காலு வச்ச மாதிரி நின்னுபோச்சு. ராஜகனி தூரத்துல வாயைப் பொத்திக்கிட்டா. இன்ஜினியர் அம்மா என் செருப்பைப் பாத்தாக, குனிஞ்ச தலையைப் பாத்தாக, நான் சுத்தி வந்த வழியை முழுசா ஒரு தடவை கண்ணாலயே போயிப் பாத்துட்டு வந்தாக. அப்புறம் தன் காலைப் பாத்தாக, ஷூ போட்டு நின்ன காலை. முடிஞ்சுது. என் வாயி பொய் சொல்லுச்சு, இவ வாயி பொய் சொல்லுச்சு, மண்ணுகூட ஏதோ சமாளிச்சுச்சு, கடைசியில காலு காட்டிக் குடுத்துருச்சு. கட்டி உள்ள போக மாட்டே. ஆமா தாயி, போகலை, வாசல்லயே பிடிபட்டுட்டேன்.

அவுக கத்தலை. போனை இறக்கிட்டு, "எவ்வளவு தூரம் ஏறியிருக்கு?"ன்னாக. "தரைக்கு ஒரு முழம் கீழ வரைக்கும் மேடம்." "ஏன்யா அவசரப்பட்டீங்க? கோர்ட்டுலதானே வேலை பாக்கீங்க?" நான் சொன்னேன். எங்க இருந்து வந்துச்சோ, எல்லாம் கொட்டிருச்சு, அய்யா மூச்சு, டாக்டர் சொன்னது, ஒரு வருசத் துக்கம், கார்த்திகை, பாக்கி சர்வீஸ். "இப்ப எப்படி இருக்காரு உங்க அய்யா?" "கோழிக்குழம்பு கேக்காரு மேடம்." அவுக சிரிக்கலை, ஆனா வேற பக்கம் திரும்பிக்கிட்டாக. அப்புறம் என்ன நினைச்சாகளோ, பச்சைக் கோட்டை மிதிக்காம, நிலை வைக்கிற இடம் வழியாவே வெளிய வந்து என் பக்கத்துல நின்னு, குரலை இறக்கி, "உத்தரவு உங்க கைக்கு வர்ற வரைக்கும் ஒத்தக் கல்லு ஏறக்கூடாது. ஏறினா நானே மேலிடத்துக்கு எழுதுவேன்"னாக. சரிங்க மேடம். "போட்டோவுலயும், ரோட்டுல போறவங்க கண்ணுக்கும் இது காலிமனையாத் தெரியணும். நீங்க இப்படி வாசல்ல குனிஞ்சு குனிஞ்சு வந்தா ஆகாது. செருப்பைப் போடுங்க. திரும்பி அந்தப் பக்கமே போங்க. போயி, சுவரு இல்லாத மாதிரி நேரா நடந்து வாங்க."

எத்தனை பேரு வீட்டுக்குள்ள செருப்புக் காலோட போயிருக்கேன். எத்தனை நிலைவாசலைத் தாண்டியிருக்கேன், ஒருத்தர்கிட்டயும் கேக்காம. இந்தச் சுவத்துக்கு முன்னால வந்து நிக்கேன், ஒரு விரல் உசரத்துப் பயறு நாத்து, காலைத் தூக்க முடியலை. அங்க அடுப்பு வரணும். அங்கதான் ராஜகனி உலை வைக்கணும். "வாங்கய்யா, யாராச்சும் வந்துரப் போறாங்க"ங்காக அந்தம்மா. ராஜகனி தலையை ஆட்டுறா, போங்க போங்கன்னு, கண்ணுல தண்ணி ஓடுது. கண்ணை மூடிக்கிட்டுக் காலை வச்சேன். நாத்து நசுங்குச்சு, செருப்புக்குள்ள ஈரம் ஏறுச்சு, சமையக்கட்டுச் சுவத்துக்குள்ள பூந்து, அடுப்பு மேல நடந்து, ஹாலுக்கு வந்து நின்னேன். போனைத் தூக்கிப் பிடிச்சாக. ஒண்ணு எடுத்தாக, பாத்தாக, சரியில்லைன்னு மறுபடி எடுத்தாக. "படம் கலங்கலா விழுது. ஆடாம நில்லுங்கய்யா"ன்னாக. நான் ஆடலை. போனைப் பிடிச்சிருந்த அவுக கைதான் ஆடிக்கிட்டு இருந்துச்சு.